ஹெலிகாப்டரில் வெட்டிய மரத்தடிகளைத் தூக்கும்போது ஏன் இத்தனை உயிரிழப்பு விபத்துகள்? எஞ்சின் நின்றாலும் இறக்க முடியும் என்கிறார்களே?

முடியும், ஆனால் அதற்கு உயரமோ முன்னோக்கிய வேகமோ கையில் இருக்க வேண்டும். எஞ்சின் நின்றதும் விமானி, இறக்கைகளின் சாய்வை மாற்றும் இடதுகை நெம்புகோலை உடனே தாழ்த்துவார். இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றே ரோட்டாரை, அதாவது மேலுள்ள சுழல் இறக்கைகளை, சுழல வைக்கும். இதுதான் ஆட்டோரொட்டேஷன்.

தடி தூக்கும் ஹெலிகாப்டரோ, சுமார் 200 அடி நீள வடத்தைத் தொங்கவிட்டு, மரங்களுக்கு மேலே அசையாமல் நிற்கிறது. வேகம் பூஜ்யம், உயரமும் போதாது. கீழே இறங்க வெட்டவெளியும் கிடையாது. விமானி பக்கவாட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருப்பார். எஞ்சின் நின்றால் அந்த நேரத்தில் சுமையையும் கழற்றிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் கிடைப்பது ஓரிரு நொடிகள்தான்.

சரி, எஞ்சின் ஏன் நிற்கிறது? என் கணிப்பில் கேள்வியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒரு சுமை, நாள் முழுக்க. ஒவ்வொரு தூக்கலிலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் உச்சத் திறனுக்குப் போய்த் திரும்புகின்றன. உலோகம் களைத்து நுண்விரிசல் விடுகிறது. பறந்த மணிநேரத்தை மட்டும் கணக்கிட்டுப் பராமரித்தால் இந்தத் தேய்மானம் தெரியாது.

தென்கிழக்கு அலாஸ்காவில் 1992 ஜனவரி முதல் 1993 ஜூன் வரை தடி தூக்கும் பணியில் 6 ஹெலிகாப்டர் விபத்துகள், 9 மரணங்கள். விசாரணையில் வெளிவந்தது பெரும்பாலும் முறையற்ற இயக்கமும் பராமரிப்பும்தான்.