அழிக்க விடாத கோப்புகள்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கணினியில் ஒரு கோப்பை அழிக்கப் போனால் “அனுமதி இல்லை” என்று வருகிறது, என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பதிலுக்குப் போக முன் ஒரு வேண்டுகோள். திரையில் வரும் செய்தியை முழுதாக வாசித்து எழுதி அனுப்புங்கள். வேறொரு நிரல் கோப்பைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பிரச்சினை. கோப்பு இன்னொருவர் பெயரில் இருப்பது வேறொன்று. டிஸ்க் எழுத மறுப்பது முற்றிலும் வேறு. மூன்றுக்கும் மருந்து தனித்தனி. செய்தியின் முதல் வரியைப் பார்த்ததும் ‘ஓகே’யை அழுத்திவிட்டால் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

கிளிநொச்சி, தொலைத்தொடர்பு நிலையம் நடத்துபவர்: வாடிக்கையாளர் ஒருவரின் விண்ணப்பம் வேர்ட் கோப்பாக இருக்கிறது. வேலை முடிந்ததும் அழிக்கப் போனால் “இன்னொரு நிரலில் திறந்திருக்கிறது” என்கிறது. வேர்டை மூடிவிட்டேன், ஒன்றும் திறந்தில்லை.

கண்ணுக்குத் தெரியாமல் திறந்திருக்கும் அண்ணா. முதலில் ஃபோல்டரின் வலப்பக்கம் முன்னோட்டம் காட்டும் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பைக் காட்டுவதற்காக அதுவே கோப்பைத் திறந்து வைத்திருக்கும். ‘ஆல்ட்’டையும் ‘பி’யையும் சேர்த்து அழுத்தினால் மூடிவிடும். அச்சுக்கு அனுப்பி, பிரிண்டரில் கடதாசி இல்லாமல் காத்து நிற்கும் வேலை இருந்தாலும் சில நேரம் இப்படி நடக்கும்.

அதுவும் இல்லையென்றால் ஸ்டார்ட்டில் ‘ரிசோர்ஸ் மொனிட்டர்’ என்று தேடித் திறவுங்கள். ‘சிபியு’ பக்கத்தில் ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் தேடல் பெட்டியில் கோப்பின் பெயரில் ஒரு துண்டை எழுதினால், எந்த நிரல் அதைப் பிடித்திருக்கிறது என்று பெயரோடு காட்டும். பெரும்பாலும் வேர்டே பின்னால் தொங்கிக்கொண்டு நிற்கும். அதன்மேல் வலது கிளிக் செய்து ‘எண்ட் புரொசெஸ்’ கொடுங்கள். வேறு ஆவணம் சேமிக்காமல் திறந்திருந்தால் அதுவும் போய்விடும், கவனம். ‘சிஸ்டம்’ என்று பெயர் வந்தால் தொடவேண்டாம், கணினியை ரீஸ்டார்ட் செய்வதே போதும்.

பிறர் அடையாள அட்டை இலக்கமும் முகவரியும் உள்ள கோப்புகளை அன்றன்றைக்கு அழிப்பது நல்ல பழக்கம். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

மாங்குளம், மாணவர்: மாமாவின் பழைய கணினி பழுதாகிவிட்டது. ஹாட் டிஸ்கைக் கழற்றி என் லப்டொப்பில் யுஎஸ்பி மூலம் போட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பாவிக்க நினைத்தேன். சில ஃபோல்டர்கள் ‘எஸ்’ என்று தொடங்கும் ஒரு நீளமான இலக்கத்திடம் அனுமதி வாங்கச் சொல்கின்றன. யார் அந்த ஆள்?

உன் மாமாதான் தம்பி. விண்டோஸ் மனிதரைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் ‘எஸ்’ஸை அடுத்து 1-5-21 என்று தொடங்கி நீளும் ஓர் இலக்கத்தைக் கொடுத்து, அந்த இலக்கத்தையே கோப்பின் உரிமையாளராக எழுதி வைக்கிறது. பழைய கணினியில் அந்த இலக்கத்துக்கு மாமாவின் பெயர் தெரியும். உன் லப்டொப்புக்கு அந்தப் பெயர் தெரியாது, அதனால் வெறும் இலக்கமாகக் காட்டுகிறது. விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட்டவர்களுக்கும் இதே கதைதான். அதே பெயரில் கணக்குத் திறந்தாலும் இலக்கம் புதிது. டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்க 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் முறையின் அடிப்படையே இந்த உரிமைப் பதிவுதான்.

அழிக்க முன் ஒன்று செய். உள்ளே என்ன இருக்கிறது என்று பார், மாமாவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு பார். எங்கள் பகுதியில் இடப்பெயர்வுகளில் கலியாண அல்பம், பிள்ளைகளின் படம், சான்றிதழ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய வீடுகள் நிறைய. பிறகு வெளிநாட்டிலிருந்து உறவினர் ஸ்கான் செய்து அனுப்பிய பிரதிகள் இப்படியான பழைய டிஸ்குகளில் மட்டும் கிடக்கும். திறக்க மறுக்கிற ஃபோல்டர் என்பதாலேயே அதற்குள் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்கவும் அழிக்கவும் வழி ஒன்றே, ஆகவே முதலில் பார்க்கலாம்.

லப்டொப்பில் உன் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்கவேண்டும். ஃபோல்டரின் மேல் வலது கிளிக், ‘புரொப்பர்டீஸ்’, ‘செக்யூரிட்டி’, ‘அட்வான்ஸ்ட்’. மேலே ‘ஓனர்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘சேஞ்ச்’ இருக்கும். அதை அழுத்தி உன் கணக்கின் பெயரை எழுதி ‘செக் நேம்ஸ்’ கொடு. பெயருக்குக் கீழே கோடு விழுந்தால் சரி. திரும்பி வந்ததும் ‘ரிப்ளேஸ் ஓனர் ஓன் சப்கன்டெய்னர்ஸ்’ என்று தொடங்கும் சிறிய பெட்டியில் சரி அடையாளம் இடு. இல்லாவிட்டால் வெளி ஃபோல்டர் மட்டும் உன்னுடையதாகும், உள்ளே இருப்பவை பழையபடியே நிற்கும். ‘அப்ளை’ கொடுத்து எல்லாச் சாளரங்களையும் மூடிவிடு.

அதே மாணவர்: செய்தேன் அண்ணா. இப்போது ஓனர் என் பெயர்தான். அப்படியும் அழிக்க விடவில்லை.

உரிமையாளர் ஆவதும் அழிக்கும் அனுமதி கிடைப்பதும் ஒன்றல்ல. உரிமையாளருக்கு நிச்சயமாகக் கிடைப்பது அனுமதிப் பட்டியலைத் திருத்தும் அதிகாரம். அதை நீதான் பாவிக்கவேண்டும். மறுபடியும் அதே ‘அட்வான்ஸ்ட்’ இடத்துக்குப் போய் ‘அட்’, பிறகு ‘செலக்ட் எ பிரின்சிபல்’ கொடுத்து உன் பெயரை எழுதி ‘ஃபுல் கொன்ட்ரோல்’ கொடு. கீழே ‘ரிப்ளேஸ் ஓல் சைல்ட் ஒப்ஜெக்ட்’ என்று தொடங்கும் பெட்டியையும் தெரிவு செய். பட்டியலில் ‘டினை’ என்று எங்காவது இருந்தால் அதை நீக்கு. அந்த ஃபோல்டரில் நேரடியாகப் போட்ட மறுப்பு இருந்தால், நீ கொடுத்த அனுமதியை அது வென்றுவிடும்.

இத்தனைக்குப் பிறகும் அழிக்க மட்டும் முடிந்து, திறக்க முடியாமல் இருந்தால் மாமா அதை விண்டோஸின் குறியாக்க வசதியால் பூட்டியிருக்கக்கூடும். சாவி பழைய கணினியின் விண்டோஸுக்குள் இருக்கிறது. பழைய டிஸ்கின் விண்டோஸ் பகுதியை அழிக்காதே.

இந்த வேலையை சி டிரைவ் முழுவதற்கும் ஒருபோதும் செய்யவேண்டாம். இதை வாசிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். விண்டோஸின் சொந்தக் கோப்புகளின் அனுமதிகள் குழம்பினால் அப்டேட் ஏறாது, நிரல்கள் திறக்காது. திருத்துவதைவிடப் புதிதாகப் போடுவது சுகம் என்ற நிலைக்கு வந்துவிடும்.

புதுக்குடியிருப்பு, படப்பிடிப்பு ஸ்ரூடியோ: கமராவின் எஸ்டி கார்டில் பழைய படங்களை அழிக்க முடியவில்லை. “எழுதுவதற்கு எதிராகப் பாதுகாக்கப்பட்டது” என்று வருகிறது. நீங்கள் சொன்ன செக்யூரிட்டி பக்கமே அதில் இல்லை.

இருக்காது. கமரா கார்டுகள் ஃபாட்32 அல்லது எக்ஸ்ஃபாட் முறையில் இருக்கும், அங்கே கோப்புக்கு உரிமையாளர் என்ற கதையே கிடையாது. கார்டின் பக்கவாட்டில் உள்ள சின்ன நெம்பைப் பாருங்கள். அது கீழே ‘லொக்’ பக்கம் சரிந்திருக்கும். மேலே தள்ளிவிடுங்கள். நெம்பு சரியாக இருந்தும் அப்படியே சொன்னால், கார்டு தேய்ந்து, வாசிக்க மட்டும் விடும் நிலைக்குப் போயிருக்கலாம். படங்களை எடுத்துவிட்டு அதை ஒதுக்கிவிடுங்கள் அக்கா. ஃபோர்மட் செய்து மீண்டும் ஒரு கலியாண வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

விசுவமடு, ஆசிரியை: பிள்ளைகளின் பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட் ஆகிவிட்டன. அழித்தால் சிலவற்றுக்கு “அக்செஸ் டினைட்” வருகிறது, அழிந்தவையும் சில விநாடிகளில் திரும்ப வந்துவிடுகின்றன.

ரீச்சர், இது அனுமதிப் பிரச்சினையே இல்லை. பென் டிரைவைப் போட்ட கணினியில் வைரஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அழிக்க அழிக்க அது எழுதுகிறது. ஆகவே பென் டிரைவோடு மல்லுக்கட்டாமல் ஆய்வுகூடக் கணினியை முதலில் சுத்தம் செய்யவேண்டும். விண்டோஸ் 10, 11இல் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து ‘ஸ்கான் ஒப்ஷன்ஸ்’ போனால் ‘ஓஃப்லைன் ஸ்கான்’ இருக்கும். விண்டோஸ் எழும்ப முன்னரே தேடுவதால் வைரஸுக்குக் கோப்பைப் பிடித்து வைத்திருக்க வாய்ப்பில்லை. ஒரு கணினியை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. அறையிலுள்ள எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யுங்கள், அதுவரை ஒரு பென் டிரைவும் மாறவேண்டாம்.

பிள்ளைகளின் வேலை அழியவில்லை என்று அவர்களிடம் முதலில் சொல்லுங்கள். உண்மையான ஃபோல்டர்கள் பெரும்பாலும் மறைத்து வைக்கப்பட்டுத்தான் இருக்கும். சுத்தமான கணினியில் ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, ‘ஹைட் புரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதையும் எடுத்துவிட்டால் மங்கலாகத் தெரியும். உள்ளே உள்ள பாடக் கோப்புகளை மட்டும் புதிய ஃபோல்டருக்குக் கொப்பி செய்து, பென் டிரைவை ஃபோர்மட் செய்யுங்கள். விண்டோஸ் 7 கணினிகள் இருந்தால், 2020 ஜனவரியோடு அதற்கான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அவற்றில் பென் டிரைவ் போடாமல் இருப்பதே நல்லது.

வவுனியா, பல்கலைக்கழக மாணவி: லப்டொப்பில் விண்டோஸும் உபுண்டுவும் இருக்கின்றன. உபுண்டுவில் டி டிரைவிலுள்ள கோப்பை அழித்தால் ‘வாசிக்க மட்டும்’ என்கிறது. இன்னொன்று: உபுண்டுவிலேயே ஒரு கோப்புக்கு எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்தேன். அதையும் அழிக்க முடியவில்லை.

முதலாவதற்குக் காரணம் விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, டிரைவைப் பாதியில் வைத்துவிட்டுத் தூங்குகிறது. அதைக் கண்டு லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு எழுத மறுக்கிறது, மறுப்பது சரியும்தான். கொன்ட்ரோல் பனலில் ‘பவர் ஒப்ஷன்ஸ்’ போய் அதை நிறுத்திவிடுங்கள். அவசரத்துக்கு, விண்டோஸிலிருந்து ஷட் டவுன் கொடுக்காமல் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து உபுண்டுவுக்கு வந்தால் போதும்.

இரண்டாவதுதான் நல்ல கேள்வி. லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பின் அனுமதி கணக்கில்லை, அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் அனுமதி வேண்டும். வகுப்பு வரவுப் பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை வெட்ட, பதிவேட்டில் எழுதும் அதிகாரம்தானே வேண்டும்? அந்தப் பிள்ளையின் சம்மதம் இருந்தென்ன, விட்டென்ன. அதுபோல ஃபோல்டர் என்பது பெயர்களின் பட்டியல், அழிப்பது என்பது பட்டியலைத் திருத்துவது. இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள்: உங்கள் ஃபோல்டருக்குள் இன்னொருவர் வைத்த கோப்பை, அதை வாசிக்கவே முடியாவிட்டாலும் நீங்கள் அழிக்கலாம். எல்லோரும் எழுதும் ‘டெம்ப்’ போன்ற ஃபோல்டரில் இது ஆபத்து என்பதால், அங்கே ‘ஸ்டிக்கி பிட்’ என்ற அடையாளம் போட்டு, தன் கோப்பைத் தானே அழிக்கலாம் என்று கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் கோப்பு எந்த ஃபோல்டரில், யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், விடை அங்கே இருக்கும்.

முல்லைத்தீவு, கடற்றொழிலாளர் சங்கமொன்றின் எழுதுநர்: மாரி மழையில் கரண்ட் போனபிறகு ஒரு ஃபோல்டர் திறக்கவும் மாட்டேன், அழியவும் மாட்டேன் என்கிறது. “பழுதடைந்து வாசிக்க முடியாதது” என்று வருகிறது.

எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றதால் டிஸ்கின் பதிவுகள் குழம்பியிருக்கின்றன. மற்ற ஃபோல்டர்களில் உள்ள கணக்குகளை இன்றைக்கே வெளியே கொப்பி செய்யுங்கள். அதன் பிறகு டிரைவின் ‘புரொப்பர்டீஸ்’, ‘டூல்ஸ்’, ‘செக்’. மீட்ட துண்டுகளைச் சில நேரம் ‘ஃபவுண்ட்’ என்று தொடங்கும் ஃபோல்டரில் போட்டு வைக்கும், உடனே அழிக்காமல் பாருங்கள். டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் ‘செக்’ கொடுக்கவே வேண்டாம், டிஸ்க் அந்த வேலையைத் தாங்காது. கரண்ட் போனாலும் சற்று நேரம் கணினியை ஓடவிடும் ஒரு சின்ன யுபிஎஸ் சங்கத்துக்கு வாங்கச் சொல்லிக் கூட்டத்தில் கேளுங்கள்.

மல்லாவி: சி டிரைவ் நிறைந்துவிட்டது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் பெரியவற்றை அழிக்கப் போனால் ‘டிரஸ்டட் இன்ஸ்டோலரிடம்’ அனுமதி கேள் என்கிறது. எப்படி வாங்குவது?

வாங்கவேண்டாம். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் தன் கோப்புகளை அந்தக் கணக்கின் பெயரில் வைத்துக் காப்பாற்றுகிறது. செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘ஸ்டோரேஜ்’, ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ போங்கள். பழைய விண்டோஸ் கிடந்தால் அங்கேயே தெரிவு செய்து நீக்கலாம். அதற்குள் உங்கள் பழைய ஆவணங்கள் இல்லையென்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரும் அந்தப் பட்டியலில் வரும், வாசிக்காமல் எல்லாவற்றுக்கும் சரி அடையாளம் போடாதீர்கள்.

ஒட்டுசுட்டான்: எதையும் பலவந்தமாக அழித்துத் தரும் இலவச நிரல்கள் இணையத்தில் கிடக்கின்றன. போடலாமா?

நான் போடமாட்டேன். அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தைத் தெரியாத ஒருவர் கையில் கொடுக்கிற வேலை அது. மைக்ரோசொஃப்ட்டே இலவசமாகத் தரும் ‘பவர்டோய்ஸ்’ தொகுப்பில் ‘ஃபைல் லொக்ஸ்மித்’ என்று ஒன்று இருக்கிறது. எந்த நிரல் கோப்பைப் பிடித்திருக்கிறது என்று வலது கிளிக்கிலேயே காட்டி, அதை நிறுத்தவும் விடும்.

பரந்தன்: படங்களை ஆண்டு, ஊர், நிகழ்ச்சி என்று தமிழில் பெயரிட்டு ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வைத்தேன். இப்போது ஒன்றை அழிக்கப் போனால் பெயர் நீளம் என்கிறது.

முழுப் பாதையும் 260 எழுத்துக்குள் இருக்கவேண்டும் என்ற பழைய எல்லை, ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் எக்ஸ்புளோரரில் இன்னும் இருக்கிறது. தமிழில் அது சீக்கிரம் நிறையும். ‘கி’ நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு ககரமும் அதன்மேல் வரும் விசிறிக் குறியுமாக இரண்டு. ‘அம்மா’ ஐந்து. தமிழ்ப் பெயர்களைக் கைவிடத் தேவையில்லை. வெளியே உள்ள ஃபோல்டர்கள் ஒவ்வொன்றையும் தற்காலிகமாக ஒற்றை எழுத்துக்கு மாற்றுங்கள், பாதை குறுகி அழிக்க விடும். இனி அடுக்குவதென்றால் நான்கைந்து தட்டுக்குப் பதில் இரண்டு தட்டோடு நிறுத்துங்கள்.