ஆஸ்திரேலிய நாவல்கள் கிரேக்கத்தில் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மெல்பர்னில் கிரேக்கர்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்கள். அப்படியென்றால் ஆஸ்திரேலிய நாவல்களும் சிறார் கதைகளும் கிரேக்க மொழிக்கு ஏராளமாகப் போயிருக்க வேண்டுமே? ஒப்பிலக்கிய வகுப்புக்குப் பட்டியல் போட உட்கார்ந்தேன். 'ஆஸ்திரேலியா' என்று தேடினால் ஒன்றும் தேறவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நாட்டின் பெயரை மட்டும் நம்பினால் போதாது. கிரேக்க நூல்விவரத் தளமான பிப்ளியோநெட்டில் மூலமொழி 'ஆங்கிலம்' என்றே இருக்கும். லண்டனும் சிட்னியும் ஒரே குவியலில் கிடக்கும். முதலில் ஆஸ்திரேலிய எழுத்தாளர்களின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகத் தேடுங்கள்.

அங்கேயும் ஒரு வில்லங்கம் உண்டு. ஆங்கில 'டபிள்யூ'வுக்குக் கிரேக்கத்தில் நேர் எழுத்து கிடையாது. பேட்ரிக் வைட்டை 'காமா'வில் தொடங்கியும் எழுதலாம், 'ஒமிக்ரா'னில் தொடங்கியும் எழுதலாம். ஒன்றை மட்டும் தட்டினால் 1973இல் நோபல் வாங்கியவரே காணாமல் போவார். தலைப்பையும் நம்ப முடியாது. காலீன் மெக்கல்லோவின் 'தி தார்ன் பேர்ட்ஸ்' (1977) அங்கே 'பறவைகள் பாடியபடியே சாகின்றன' என்ற பொருளில் வந்தது.

புத்தகம் கைக்குக் கிடைத்தால், ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைப் பாருங்கள். 978க்குப் பிறகு 960 அல்லது 618 என்றால் கிரீஸ், 9963 என்றால் சைப்ரஸ். கிரேக்கப் புத்தகத்தில் அந்த இடத்தில் ஆங்கில நாடுகளுக்குரிய 0 அல்லது 1 இருந்தால் மெல்பர்ன் சிறுபதிப்பாக இருக்க வாய்ப்புண்டு. அதை ஏதென்ஸ் பட்டியலில் தேடிப் பயனில்லை, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் தேட வேண்டும்.

மெல்பர்ன் கிரேக்கர்களுக்காகத்தான் மொழிபெயர்க்கிறார்கள் என்ற உங்கள் ஊகம் எனக்குச் சரியாகப் படவில்லை. 1950, 60களில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இவற்றை ஆங்கிலத்திலேயே படித்துவிடுவார்கள். உரிமை வாங்குவது பெரும்பாலும் உலக விற்பனையைப் பார்க்கும் கிரேக்கப் பதிப்பகங்கள். மார்கஸ் ஜூசாக்கின் 'தி புக் தீஃப்' (2005) கிரேக்கத்துக்குப் போனது. அதில் வருவது நாஜி ஜெர்மனி. கதை நடக்கும் ஊரைப் பார்த்து அதை விட்டுவிடாதீர்கள், எழுதியவர் சிட்னிக்காரர்.

கிரேக்க வம்சாவளி ஆஸ்திரேலியரான கிறிஸ்டோஸ் சியோல்காஸின் 'தி ஸ்லாப்' (2008) வேறு வகை. மெல்பர்ன் புறநகர் வீடொன்றின் விருந்தில், பிறர் குழந்தையை ஒருவன் அறைகிறான். எட்டு அத்தியாயங்கள், எட்டுப் பேரின் பார்வை. அதில் கிரீஸிலிருந்து குடியேறிய கிழவர் மனோலிஸின் வீட்டுப் பேச்சில் கலக்கும் கிரேக்கம் ஆங்கில வாசகருக்கு அந்நியமாக ஒலிக்கும். கிரேக்கப் பதிப்பில் எல்லாமே கிரேக்கம்! சாய்வெழுத்தில் போட்டால் கண்ணுக்கு மட்டுமே தெரியும். கிழவரின் பேச்சுக்கு ஊர்ப்புற வழக்கும் பேரனின் பேச்சுக்கு நகர வழக்கும் கொடுத்தால்தான் தலைமுறை இடைவெளி காதில் விழும். வகுப்பில் அந்த அத்தியாயத்தை இரு மொழிகளிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சிறார் கதைகளில் தொல்லை சாப்பாடும் பருவமும். மெம் ஃபாக்ஸின் 'பாசம் மேஜிக்' (1983) கதையில் பாசம் (possum) என்ற ஆஸ்திரேலிய மரவிலங்கு ஊர் ஊராகப் போய் அந்த நாட்டுத் தின்பண்டங்களைத் தின்கிறது: டார்வினில் வெஜிமைட் என்ற உப்புப் பசை தடவிய சாண்ட்விச், பெர்த்தில் பாவ்லோவா என்ற முட்டைவெள்ளை இனிப்பு, ஹோபார்ட்டில் லாமிங்டன் என்ற தேங்காய்த்துருவல் கேக். கிரேக்கப் பிள்ளைக்குப் புரியட்டும் என்று தின்பண்டத்தை மாற்றினால் ஊர்ப்பயணமே குலைந்துவிடும். ஆஸ்திரேலியப் பள்ளி ஜனவரி கடைசியில் திறக்கும், கிரேக்கப் பள்ளி செப்டம்பரில். மாதத்தை மாற்றும் மொழிபெயர்ப்பாளர், அடுத்த பக்கத்தில் கோடை வெயிலில் கடற்கரையில் நடக்கும் கிறிஸ்துமஸை என்ன செய்வார்?