பழகுவதற்கு எங்கள் வாய்தானா?

வணக்கம் சார்.

நான் கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் எடுத்துக்கொண்டேன். ஊசி போட்டதும் பல்லைப் பிடுங்கியதும் ஒரு மாணவி. முதல் ஊசிக்கு மரத்துப்போகவில்லை. அவரும் கூட நின்ற டாக்டரும் என் தலைக்கு மேல் ஆங்கிலத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள், மறுபடியும் ஊசி. பல் வந்துவிட்டது. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து வலி கூடிக்கொண்டே போகிறது, காதுவரை இழுக்கிறது. படிக்கிற பிள்ளைகள் பழக வடசென்னைக்காரன் வாய்தான் கிடைத்ததா? பொம்மையில் பழகக் கூடாதா?

மு.

அன்புள்ள மு.,

வலிக்கு என்ன செய்வது என்று உங்களுக்கு அன்றே தனியாக எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக அதைக் கீழே மறுபடி சொல்கிறேன்.

பொம்மையிலும் பழகுகிறார்கள். எங்கே நிற்பது, பல் பிடுங்கும் இடுக்கியான ஃபோர்செப்ஸை எப்படிப் பிடிப்பது, இடது கையால் தாடையைத் தாங்குவது எல்லாம் அதிலேயே வந்துவிடும். வராதது ஊசி. கீழ்த்தாடை நரம்பை மரக்கவைக்கப் போடும் பிளாக் என்ற ஊசியில், ஊசிமுனை இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சதைக்குள் போய் எலும்பைத் தொட வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. சீக்கிரமே தட்டினால் முன்னால் நிற்கிறோம் என்று அர்த்தம். தட்டவே இல்லையென்றால் பின்னால் போய்விட்டோம். அங்கே மருந்தை விட்டால் முக நரம்பு மரத்து, சில மணி நேரம் அந்தப் பக்கக் கண்ணை மூட முடியாது. ஆளுக்கு ஆள் இடம் மாறும். கை தேர்ந்தவர்களுக்கே இது தவறும், அதனால் உங்களுக்குப் போட்ட இரண்டாவது ஊசியில் தப்பில்லை. மரத்துப்போகாமல் பிடுங்கியிருந்தால்தான் தப்பு.

டாக்டர்கள் தங்கள் உடம்பிலேயே பழகிய கதையும் உண்டு. 1884இல் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜனும் நண்பர்களும் ஒருவருக்கொருவர் கோகெய்ன் ஊசி போட்டுப் பார்த்துத்தான் நரம்பை மரத்துப்போக வைக்கும் வித்தையைப் பிடித்தார்கள். ஹால்ஸ்டெட் போதையிலிருந்து கடைசிவரை மீளவில்லை. இன்று போடுகிற லிக்னோகெய்ன் 1943இல் ஸ்வீடனில் உருவானது, அதற்கு அந்தப் பயம் கிடையாது. ஆகவே முதல் ஊசியை மாணவர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்ளட்டும் என்பது என் கட்சி. ஒப்பாதவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் கோபம் எனக்கு நியாயமாகப் படுவது அந்த ஆங்கிலப் பேச்சில்தான். "அண்ணே, நான் ஸ்டூடண்ட், டாக்டர் பக்கத்துலதான் இருக்காங்க, நான் போடலாமா?" என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருந்தது. இன்னும் மரக்கவில்லை, இன்னொரு ஊசி வேண்டும் என்பதையும் உங்களிடமே சொல்லியிருக்க வேண்டும். சும்மா "மரத்துடுச்சா?" என்றால் பயந்தவர் எல்லாரும் "ஆச்சு" என்றுதான் சொல்வார்கள். உதட்டில் எந்தப் பக்கம், எதுவரை என்று கேட்டு, ஈறைக் குத்திப் பார்த்து நிச்சயம் செய்ய வேண்டும். மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அதற்கும் முன்னால், "சாப்டீங்களா?" காசிமேட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருபவர், ஊசி என்றால் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார். பாதி மயக்கங்கள் அதனால்தான்.

வடசென்னை வாய் என்றீர்களே, அது கற்றுத்தருவது பல் பிடுங்குவதை மட்டும் அல்ல. குட்கா இங்கே 2013இலேயே தடை செய்யப்பட்டது, பாக்கும் புகையிலையும் கலந்த மாவா மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது. வருஷக்கணக்கில் அதை அடக்கியவர் வாயில் இரண்டு விரல்கூட நுழையாது, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நார் நாராக இருக்கும். அப்படிப்பட்டவர் "இந்தப் பல்லு ஆடுது, எடுத்துடுங்க" என்று உட்காருகிறார். பரீட்சைக்கு இத்தனை பல் எடுத்திருக்க வேண்டும் என்று கோட்டா வைத்திருக்கிறோம் அல்லவா, ஆடுகிற பல்லைப் பார்த்தால் மாணவனுக்குச் சந்தோஷம். ஆனால் மற்ற பற்கள் உறுதியாக இருந்து அந்த ஒன்று மட்டும் ஆடி, பக்கத்து ஈறில் விளிம்பு தடித்த ஆறாத புண் இருந்தால் அது பல் நோயாக இல்லாமல் புற்றுநோயாக இருக்கலாம். பல்லை எடுத்தால் குழி ஆறாது, ஆறும் ஆறும் என்று வாரங்கள் போய்விடும். எடுக்க வேண்டியது பயாப்ஸி, அதாவது புண்ணிலிருந்து சோதனைக்கு ஒரு சிறு துண்டு. இப்படி ஒருவரைக் கண்டுபிடித்து, பல்லைத் தொடாமல் மேலே அனுப்பும் மாணவனுக்குக் கோட்டாவில் ஒரு எண்ணிக்கையும் ஏறுவதில்லை. இந்தக் கணக்கை மாற்ற வேண்டும் என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி வலி. பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து மூடியிருக்க வேண்டும். அது கரைந்தோ பிய்ந்தோ போய் எலும்பு வெளியே தெரிந்தால் இரண்டு மூன்று நாள் கழித்து வலி ஏறும், காதுக்கும் பரவும். டிரை சாக்கெட் என்போம். புகைப்பவர்களுக்கு அதிகம் வரும். மெடிக்கலில் சொல்லி வாங்கும் ஆன்டிபயாடிக் இதைச் சரிசெய்யாது. குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி சீக்கிரம் இறங்கும். ஏதாவது சாப்பிட்டுவிட்டு, பழைய ஓ.பி. சீட்டோடு எடுத்த இடத்துக்கே போகலாம். வாய் திறக்க முடியாமல், நாக்குக்கு அடியில் வீங்கி, எச்சில் விழுங்கவே சிரமமாக இருந்தால் கதை வேறு. அப்போது ஓ.பி. நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள், நடுராத்திரியானாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.