"நிறமான பெண்கள்" என்று எழுதினீர்களே

கேள்வி: வேலூர் லாங் பஜாரில் எங்கள் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை இருக்கிறது. நான் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவன். புகழ்பெற்ற இத்தாலிய ஆடை நிறுவனமான பெனட்டானின் விளம்பரங்களைப் போல, தீபாவளிக்கு முன் கிரீன் சர்க்கிள் அருகே ஒரு பெரிய பலகை வைக்க முன்பணம் கொடுத்துவிட்டேன். காட்பாடியில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவி ஒருவரும், பெங்களூரிலிருந்து வரும் வெள்ளைக்கார மாடல் ஒருவரும் ஒரே பட்டுப்புடவையைப் போர்த்தியபடி நிற்பார்கள். கீழே "எல்லா நிறமும் எங்கள் நிறம்" என்று இருக்கும். ஊர் சிரிக்கும் என்று அப்பா மறுக்கிறார். நாங்கள் பேதம் பார்க்கிற குடும்பம் அல்ல. கடையில் 14 பெண்கள் வேலை செய்கிறார்கள். கொஞ்சம் நிறமான பெண்கள் கீழே பட்டுப் பகுதியில் நிற்பார்கள், மற்றவர்கள் மேல்மாடியில் மடிப்பு வேலை பார்ப்பார்கள். அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வேலூர்

பதில்: மகன் புதிதாக ஒன்று செய்யத் துடிப்பதும், தகப்பனார் ஊருக்கு அஞ்சித் தடுப்பதும் இந்தப் பக்கத்துக்கு எத்தனையோ முறை வந்துவிட்ட வழக்கு; அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் உட்காரவில்லை. தம்பி, உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. "கொஞ்சம் நிறமான பெண்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சிவப்பாக இருப்பவளைத்தான் நம் ஊரில் நிறமானவள் என்கிறோம், கறுப்பாகப் பிறந்தவளுக்கு நிறமே கிடையாது என்பதைப் போல. எல்லா நிறமும் எங்கள் நிறம் என்று ஊருக்கு அறிவிக்கப் போகிற நீங்கள், அடுத்த மூச்சிலேயே இதை எழுதியிருக்கிறீர்கள்; எழுதும்போது கை கூசவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஊசூரிலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் ஒரே நேரத்துக்குப் பேருந்து பிடித்து வருகிற இரண்டு பெண்களில், ஒருத்தி கீழே நிற்கவும் இன்னொருத்தி படியேறிப் போகவும் தோல்தான் காரணம் என்றால், அதற்குப் பேதம் என்பதைத் தவிர வேறு பெயர் உண்டா? கீழே விற்கிறவளுக்கு ஊக்கத்தொகை கொடுக்கிறீர்களா? கொடுத்தால், மேலே மடிக்கிறவளுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? சிவந்த தோளில் போட்டுக் காட்டினால்தான் புடவை எடுக்கும் என்பது கடைக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லும் சமாதானம். ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் நான் என் கண்ணால் பார்த்தேன்: நல்ல கறுப்பான ஓர் அம்மா, அரக்கு உடலும் மாம்பழ மஞ்சள் கரையுமான புடவையின் முந்தானையைத் தன் தோளில் சரியவிட்டு, கொசுவத்தை நான்கு விரலில் பிடித்துக் காட்டினார், அதே நிறத்தில் எதிரே பாயில் அமர்ந்திருந்த மணப்பெண்ணின் தாய் அதன் பிறகு வேறொரு புடவையைத் தொடவில்லை. வேலூர் வெயிலில் உங்கள் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த நிறத்தவர்கள்தாமே?

நீங்கள் வழிகாட்டியாகக் கொண்ட படங்களையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒலிவியேரோ தோஸ்கானி என்ற இத்தாலியப் புகைப்படக் கலைஞர் 1982-இல் பெனட்டானுக்குப் படம் எடுக்கத் தொடங்கினார். 1989-இல் வந்த படத்தில் கறுப்பினப் பெண் ஒருத்தி வெள்ளைக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். தாய்மைக்கு நிறமில்லை என்று சொல்ல அவர் நினைத்திருக்கலாம். ஆனால், எசமானர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாலூட்டக் கட்டாயப்படுத்தப்பட்ட அடிமைத் தாய்மார்களின் நினைவு ஆறாத அமெரிக்காவில் அது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்தப் படத்தில் சிவப்புக் கம்பளிச் சட்டை இருக்கிறது, மார்பு இருக்கிறது, குழந்தை இருக்கிறது; பால் கொடுப்பவளின் முகம் மட்டும் இல்லை. 1991-இல் வந்த இன்னொரு படத்தில் இரண்டு குழந்தைகள் அணைத்துக்கொண்டு நிற்கிறார்கள்; வெள்ளைக் குழந்தைக்குத் தேவதையைப் போலப் பொன் சுருள்கள், கறுப்புக் குழந்தையின் முடியோ இரண்டு கொம்புகளாக முறுக்கி விடப்பட்டிருக்கிறது.

அந்தப் படங்களால் நன்மையே விளையவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளை முகங்களே விளம்பரங்களை நிறைத்திருந்த காலத்தில் அவை உலகத்தை நின்று பார்க்க வைத்தன. ஆனால் 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் தையல் வேலைக்கு வந்த பெண்கள், மாண்டபோது, இடிபாடுகளுக்கு இடையே பெனட்டான் சட்டைகளும் கிடந்தன. தொடர்பில்லை என்று முதலில் சொன்ன அந்த நிறுவனம், அங்கே துணி தைக்கக் கொடுத்ததைப் பிறகு ஒப்புக்கொண்டது; இழப்பீட்டு நிதிக்கு அது பணம் கொடுத்தது 2015-இல்தான். உங்கள் பலகைக்கும் உங்கள் மேல்மாடிக்கும் இடையே இருப்பதும் இதே தூரம்தான். காட்பாடி வரை போய் ஒரு கறுப்பு முகத்தைத் தேடிப் பிடித்த உங்களுக்கு, தினமும் உங்கள் படியில் ஏறி இறங்குகிற முகங்கள் கண்ணில் படவில்லை.

உங்கள் தகப்பனார் தவறு செய்கிறார்; பலகையை மறுப்பதில் அல்ல, அந்தப் படிக்கட்டில். நம் கூரையின் கீழ் வேலைக்கு நிற்கிற பெண் நம் வீட்டுப் பெண் என்று நம்புகிறவள் நான். அந்தக் கடமையில் பெரியவர் தவறினால், அதை வாசலில் நின்று பேசாமல், கல்லாவை மூடிக் கணக்கு முடிந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, மரியாதை குறையாமல் எடுத்துச் சொல்ல வேண்டியது படித்த பிள்ளையின் கடன். ஒரு பலகைக்காக அப்பாவோடு மல்லுக்கு நிற்கத் துணிந்த நீங்கள், இத்தனை வருடங்களில் இந்த வழக்கத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பீர்களா?

வருகிற திங்கட்கிழமையிலிருந்து 14 பேரும் முறை வைத்துப் பட்டுப் பகுதியில் நிற்கட்டும். ஊக்கத்தொகை இரண்டு மாடிக்கும் பொதுவாகட்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. "நிற்பார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடையில் அவர்கள் உட்கார ஏதாவது இருக்கிறதா? பலகைக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கிடைத்தால் 14 முக்காலிகள் வாங்குங்கள், கிடைக்காவிட்டாலும் வாங்குங்கள்.