தர்மபுரியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்த ஒரு பெண், இனப்பெருக்க நல ஆய்வாளர் (கர்ப்பம், பிரசவம், கருக்கலைவு பற்றி ஆராய்பவர்) ஆக முடியுமா?

தாராளமாக. எம்.பி.பி.எஸ். கட்டாயம் இல்லை. மும்பையில் 1956-இல் தொடங்கிய பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தில் முதுகலை படிக்கலாம், நாடு முழுக்க வீடு வீடாகக் கேட்கும் தேசிய குடும்ப நல ஆய்வை நடத்துவதும் அவர்கள்தான். அப்புறம் பி.எச்டி., வருடக்கணக்கில் ஒப்பந்த வேலை (சம்பளம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் இழுக்கும்).

படிப்பைவிடக் கஷ்டம் களத்தில்தான். பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டில் எத்தனை முறை கர்ப்பம் ஆனாள் என்று மருமகளிடம் கேட்டேன், மாமியார் முந்திக்கொண்டு "ரெண்டு" என்றார். அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனதும், புளி தட்டிக்கொண்டே அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "நாலு, அக்கா. ரெண்டு கலைஞ்சுபோச்சு." படிவத்தில் அந்த நாலு ஏறாவிட்டால் மேலே போடும் கணக்கெல்லாம் தப்பு. 1992-இல் சேலத்தில், பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்து, பிறகு நம் மாவட்டத்துக்கும் நீண்டதே, இங்கே கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, அதுவும் நம் ஊர்ப் பேச்சு தெரிந்தவர் கேட்டால்தான் பதில் வரும்.