ஒரு பீஸ் வாசிக்க வந்தால் அந்த கிரேடு ஆகிவிட்டதா?

கேள்வி: ஆசிரியர் இல்லாமல் நானாகவே பியானோ கற்று வருகிறேன். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் ஐந்தாம் கிரேடு பீஸ் (இசைத் துண்டு) ஒன்றை நாலு மாதம் விடாமல் பழகி, இப்போது பார்க்காமலே வாசிக்கிறேன். அப்படியென்றால் நான் ஐந்தாம் கிரேடுதானே? நேராக அந்தத் தேர்வுக்கே போகலாமா?

பதில்: நாலு மாதம் ஒரே பீஸோடு உட்காரும் பொறுமை பலருக்கு வராது, உங்களுக்கு வந்திருக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்து ஐந்தாம் கிரேடு என்று சொல்ல மாட்டேன். தேர்வின் மதிப்பெண்ணைப் பாருங்கள். தேர்வாளர் முன் வாசித்துக் காட்டும் பிராக்டிகல் கிரேடில் மொத்தம் 150, தேற 100 வேண்டும். மூன்று பீஸுக்குத் தலா 30, ஸ்கேலுக்கு (ஸ்வர வரிசைகளுக்கு) 21, சைட் ரீடிங்குக்கு (முன்பின் பார்க்காத நோட்டை அப்படியே பார்த்து வாசிப்பதற்கு) 21, காதால் கேட்டுச் சொல்லும் பகுதிக்கு 18. மூன்று பீஸிலும் முழு மதிப்பெண்ணே வாங்கினாலும் 90தான் வரும், தேற முடியாது.

பெரும்பாடு பட்டு எட்டிப்பிடித்த பீஸ் உங்கள் உச்சத்தைத்தான் காட்டும். நிலை என்பது புதிதாக ஒன்றைக் கொடுத்தால் எவ்வளவு சீக்கிரம் கைக்கு வருகிறது என்பதில்தான் தெரியும், என் கணக்கில் மூன்று நாலு வாரத்தில் ஓரளவு சரளமாக வர வேண்டும். இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள்: நீங்கள் இதுவரை பார்த்தே இராத மூன்றாம் கிரேடு பீஸ் ஒன்றை எடுத்து, தேர்வில் சைட் ரீடிங்குக்குத் தருவதுபோல அரை நிமிடம் பார்த்துவிட்டு, மெதுவாக இருந்தாலும் தாளம் விடாமல், தப்பினாலும் திரும்பிப் போகாமல் கடைசிவரை வாசியுங்கள். வந்துவிட்டால் ஐந்தாம் கிரேடுக்குத் தயாராகத் தொடங்கலாம். திணறினால் இரண்டாம் கிரேடில் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தானாகக் கற்பவர்களுக்குப் பெரும்பாலும் நோட்டைப் பார்த்துப் படிக்கும் திறன் விரலைவிடப் பின்தங்கித்தான் இருக்கும்.

சரி, நேராகப் போகலாமா? போகலாம், கிரேடுகளை வரிசையாக முடிக்க வேண்டும் என்ற விதி கிடையாது. ஆறாம் கிரேடு முதல்தான் ஐந்தாம் கிரேடு தியரியோ (இசைக் கோட்பாட்டு எழுத்துத் தேர்வு) அதற்கு ஈடான தேர்வோ முடித்திருக்க வேண்டும். டிரினிட்டி என்ற இன்னொரு தேர்வு வாரியத்தில் அந்த நிபந்தனையும் இல்லை. ஏபிஆர்எஸ்எம்மிலேயே வீடியோவாகப் பதிவு செய்து அனுப்பும் பெர்ஃபார்மன்ஸ் கிரேடும் இருக்கிறது, நாலு பீஸ், சைட் ரீடிங் கிடையாது. உங்களுக்கு அது சுலபமாகத் தோன்றும். ஆனாலும் நான் பிராக்டிகலைத்தான் சொல்வேன், உங்களுக்கு எது குறைகிறதோ அதைத்தான் அது கேட்கிறது.