'சொன்ன'வும் 'ஸொனுஸ்'ஸும்

கேள்வி: லத்தீனில் ஒலியை 'ஸோனுஸ்' என்கிறார்களாம். நம்முடைய 'சொன்ன' அதிலிருந்து வந்ததா? இலக்கணமும் சொல்லுங்கள்.
– வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. 'சொன்ன' என்பதன் வேர் 'சொல்'. அதிலுள்ள 'ன' இறந்தகாலத்தில் வந்து சேர்ந்தது. 'சொல்கிற' என்றால் அது இருக்காது. லத்தீனில் 'ன்' வேரிலேயே இருக்கிறது. அதன் உண்மையான உறவு சமஸ்கிருத 'ஸ்வன'. இரண்டுக்கும் ஒலி என்றே பொருள். 'ஸ்வரம்' வேறு வேர். பலர் இங்கே குழம்புகிறார்கள்.

உச்சரிப்பு குறில்: ஸொனுஸ். குறில் ஒகரத்துக்குத் தனிக் குறி உள்ள நம் எழுத்தில் இதைப் பிழையின்றி எழுதலாம், 'ஸோ' வேண்டாம்.

இது ஆண்பால், இரண்டாம் வகைப் பெயர் (வேற்றுமை ஈறுகள் மாறும் முறையை வைத்துப் பிரித்த வகை). 'ஒலியின்' என்றால் ஸொனீ, 'ஒலியை' என்றால் ஸொனும். உங்கள் வீட்டு வெண்கல உருளியைத் தட்டிவிட்டு 'ஸொனும் ஔதியோ' என்றால், 'ஒலியைக் கேட்கிறேன்' என்று பொருள். நாம் சொல்லும் 'ஆடியோ' இந்த வினைதான்! ஆனால் ஸொனீ, 'ஒலிகள்' என்ற எழுவாயாகவும் வரும். வினை ஒருமையா பன்மையா என்று பார்ப்பது பிரிக்க உதவும்.

அடிக்கடி தவறுவது 'ஸொனிட்டுஸ்' என்ற சொல்லில். அதுவும் ஒலிதான், ஈறும் 'உஸ்'தான். ஆனால் நான்காம் வகை. 'ஒலியின்' என்பதற்கு ஸொனிட்டூஸ். அகராதியில் ஆறாம் வேற்றுமை வடிவத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

வினை ஸொனாரே. 'ஒலித்தேன்' என்பதற்கு ஸொனுயீ; வாய்பாட்டை நம்பி 'ஸொனாவீ' என்று எழுதாதீர்கள்.